ஆன்டெனா நீளம்: அதிர்வெண்ணிலிருந்து கணக்கிட்டு, வெட்டி, சரிபார்க்க ஒரு முழு வழிகாட்டி

எஃப்எம் ரேடியோவில் முக்கால் மீட்டர் கம்பியை இழுத்து நீட்டினால்தான் ஒலி தெளிகிறது. புளூடூத் இயர்போனுக்குள் இருக்கும் ஆன்டெனாவோ விரல் நகத்தைவிடப் பெரிதில்லை. கைபேசியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி என்று எதுவுமே இல்லை. மூன்றுக்கும் விதி ஒன்றுதான்: ஆன்டெனாவின் அளவை அலைநீளம் தீர்மானிக்கிறது. அந்த அளவைவிடச் சிறிதாக்கவும் வழி உண்டு, ஆனால் அதற்கு ஒரு விலை கொடுத்தாக வேண்டும். எந்த இடத்தில் என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்தால், சரியான ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்கவும் நாமே ஒன்றைச் செய்துகொள்ளவும் முடியும்.

முதலில் கணக்கு

ரேடியோ அலை நொடிக்கு 29,97,92,458 மீட்டர் வேகத்தில் போகிறது. அதை 30 கோடி என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. 300-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். அதில் நாலில் ஒரு பங்குதான் நமக்குப் பெரும்பாலும் வேண்டிய நீளம்.

- ஏஎம் ரேடியோ, 1000 கிலோஹெர்ட்ஸ்: அலைநீளம் 300 மீட்டர், கால் பங்கு 75 மீட்டர்
- எஃப்எம், 98 மெகாஹெர்ட்ஸ்: 3.06 மீட்டர், கால் பங்கு 76.5 செ.மீ.
- ரிமோட், கேட் திறப்பான், 433.92 மெகாஹெர்ட்ஸ்: 69.1 செ.மீ., கால் பங்கு 17.3 செ.மீ.
- லோரா (குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்குத் தகவல் அனுப்பும் முறை) சென்சார், 868 மெகாஹெர்ட்ஸ்: 34.5 செ.மீ., கால் பங்கு 8.6 செ.மீ.
- ஜிபிஎஸ், 1575.42 மெகாஹெர்ட்ஸ்: 19 செ.மீ., கால் பங்கு 4.8 செ.மீ.
- வைஃபை, புளூடூத், 2440 மெகாஹெர்ட்ஸ்: 12.3 செ.மீ., கால் பங்கு 3.1 செ.மீ.
- வைஃபை, 5500 மெகாஹெர்ட்ஸ்: 5.45 செ.மீ., கால் பங்கு 1.4 செ.மீ.
- 5ஜி, 28 கிகாஹெர்ட்ஸ்: 10.7 மி.மீ., கால் பங்கு 2.7 மி.மீ.

ஏன் கால் பங்கு? கம்பியின் அடியில் செலுத்தும் மின்னோட்டம் நுனிவரை ஓடுகிறது, அங்கே வழியில்லாமல் திசை மாறித் திரும்புகிறது. கால் அலைநீளக் கம்பியில் போய்வர ஆகும் நேரம் சரியாக அரைச் சுழற்சி. திரும்பி வந்து சேரும் அதே கணத்தில் டிரான்ஸ்மிட்டரும் எதிர்த் திசையில் தள்ளத் தொடங்கியிருக்கும். ஊஞ்சல் நம்மிடம் வந்து திரும்பும் நொடியில் உந்துவது போல, சிறு உந்தலிலேயே பெரிய மின்னோட்டம் கம்பியில் நிலைத்து நிற்கும். இதுதான் ஒத்ததிர்வு. நீளம் தவறினால் உந்தல் பொழுது தவறிப்போய், ஆற்றலில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும்.

கணக்கில் வரும் நீளத்தைவிட நிஜக் கம்பி 3 முதல் 5 சதவீதம் குட்டையாக இருக்க வேண்டும். நுனியில் மின்புலம் கொஞ்சம் வெளியே பரவி நிற்பதால், கம்பி தன் அளவைவிட நீளமாக இருப்பதுபோல் நடந்துகொள்கிறது. அதனால் செய்முறையில் கால் அலை ஆன்டெனாவுக்கு 75-க்குப் பதில் 71.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கிறோம். 433.92-க்கு 16.5 செ.மீ. வருகிறது. பிளாஸ்டிக் உறை போட்ட வயர் என்றால் இன்னும் 2 முதல் 5 சதவீதம் குறையும். வெட்டிய கம்பி வளராது. எனவே தொடக்கத்தில் எப்போதும் நீளமாகவே வெட்டுங்கள்.

கம்பி பாதிதான், மறுபாதி எங்கே?

கால் அலைக் கம்பி தனியாக ஒரு முழு ஆன்டெனா ஆகாது. பலரும் தவறவிடும் இடம் இதுதான். கம்பிக்குள் ஓடும் மின்னோட்டத்துக்கு ஈடாக எதிர்ப்பக்கம் ஏதாவது ஒன்றில் மின்னோட்டம் ஓடியாக வேண்டும். காரின் கூரையில் நட்ட ஆன்டெனாவுக்குக் கூரைத் தகடே மறுபாதி. சாவி ரிமோட்டுக்கு அதன் சர்க்யூட் போர்டும், பிடித்திருக்கும் கையும். யுஎஸ்பி டாங்கிளுக்கு மடிக்கணினியின் உடல். ரேடியோவைக் கையில் எடுத்தால் தெளிவதும், மேசையில் வைத்தால் கரகரப்பதும் இதனால்தான். நம் உடலையும் சேர்த்து ஓர் ஆன்டெனாவாக அது பயன்படுத்திக்கொள்கிறது.

கைபேசியில் எஃப்எம் கேட்க வயர் இயர்போனைச் செருகச் சொல்வதும் இதே காரணத்தால்தான். முக்கால் மீட்டர் நீளத்துக்கு அந்தச் சாதனத்தில் வேறு இடமே இல்லை, இயர்போன் வயர்தான் ஆன்டெனா. புளூடூத் இயர்போனை மாட்டிக்கொண்டு எஃப்எம் எடுக்கவில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை.

உலோக விளிம்புள்ள கைபேசியைப் பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள். விளிம்பை ஒரு மில்லிமீட்டர் அகலப் பிளாஸ்டிக் கோடுகள் ஆங்காங்கே வெட்டிச் செல்லும். அழகுக்காக வைத்தவை அல்ல. உலோக விளிம்பைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஆன்டெனாவாக்கும் இடைவெளிகள் அவை. 800 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 9.4 செ.மீ. என்பதால் அந்தப் பட்டைக்கு நீளமான துண்டு தேவை. வைஃபைக்குச் சிறு துண்டு போதும். உள்ளங்கை அந்தக் கோட்டை மூடினால் இரு துண்டுகளும் இணைந்ததுபோல் ஆகி ஒத்ததிர்வு விலகும். சிக்னல் இழுபறியாக இருக்கும் இடத்தில், பிடியை மாற்றிப் பிடிப்பதே ஒரு நல்ல தீர்வு.

சிறிதாக்கினால் கொடுக்க வேண்டிய விலை

1000 கிலோஹெர்ட்ஸில் 10 செ.மீ. கம்பி ஒன்றை வைத்துப் பாருங்கள். குட்டைக் கம்பியின் கதிர்வீச்சு மின்தடை, அதாவது அலையாக வெளியேறும் ஆற்றலை ஓமில் சொல்லும் அளவு, (நீளம் வகுத்தல் அலைநீளம்) என்பதன் வர்க்கத்தைச் சுமார் 395 ஓமால் பெருக்கினால் வரும். விடை 0.000044 ஓம். ஒத்ததிர்வுக்குக் கொண்டுவர ஒரு சுருளைச் சேர்த்து, அதன் மின்தடையை 1 ஓம் என்று மிகத் தாராளமாகக் குறைத்தே வைத்தாலும், செலுத்தும் ஒரு வாட்டில் காற்றில் ஏறுவது 44 மைக்ரோவாட் மட்டும். மீதி அத்தனையும் சுருளைச் சூடாக்கும். ஏஎம் நிலையங்கள் பல பத்து மீட்டர் உயரக் கோபுரங்களை நட்டு வைத்திருப்பதன் காரணம் இந்த ஒரு கணக்கிலேயே அடங்கிவிடும்.

அப்படியானால் கையடக்க ஏஎம் ரேடியோ எப்படிக் கேட்கிறது? அந்த அதிர்வெண்ணில் மின்னலும் மின்சாதனங்களும் எழுப்பும் இரைச்சல், ரேடியோவின் சொந்த இரைச்சலைவிடப் பல மடங்கு பெரிது. சிறிய ஆன்டெனா சிக்னலையும் வெளி இரைச்சலையும் ஒரே அளவில் குறைக்கிறது. இரண்டுக்கும் இடையிலான விகிதம் மாறாததால், பெருக்கி எடுத்தால் குரல் வந்துவிடும். உள்ளே இருக்கும் கறுப்பு ஃபெரைட் தண்டும் அதன் மேல் சுற்றிய மெல்லிய கம்பியும் அலையின் காந்தப் பகுதியைப் பிடிக்கின்றன. தண்டின் நுனி நிலையத்தை நோக்கினால் ஒலி மங்கும், தண்டு குறுக்காக இருந்தால் ஓங்கும். ஏஎம் சரியாக எடுக்கவில்லையென்றால் ரேடியோவையே மேசைமேல் கால் வட்டம் திருப்பிப் பாருங்கள். வெளியே நீட்டும் கம்பியை எவ்வளவு அசைத்தாலும் ஏஎம்முக்குப் பலனில்லை, அது எஃப்எம்முக்கானது.

வாக்கி-டாக்கியின் ரப்பர் குச்சி இன்னொரு சமரசம். 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 52 செ.மீ. ஆனால் இடுப்பில் மாட்ட அது தோதுப்படாது. ஆகவே கம்பியைச் சுருளாகச் சுற்றி 15 செ.மீ. அளவுக்குள் அடக்குகிறார்கள். ஒத்ததிர்வு கிடைக்கிறது, திறன் குறைகிறது, வேலை செய்யும் அதிர்வெண் பட்டையும் ஒடுங்குகிறது. முழு நீளக் கம்பியை மாற்றினால் தூரம் கண்கூடாகக் கூடும்.

ஜிபிஎஸ் கருவியில் பழுப்பு நிறச் சதுரச் செராமிக் வில்லை இருக்கும். அதிகம் புழங்கும் அளவு 25 மி.மீ. காற்றில் இதே வகைத் தகடு ஆன்டெனாவுக்கு அரை அலை, அதாவது 9.5 செ.மீ. வேண்டும். செராமிக்கின் மின்காப்பு மாறிலி (பொருளுக்குள் அலை எவ்வளவு சுருங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 20 அளவில் இருந்தால், அதன் வர்க்கமூலத்தால் நீளம் வகுபட்டு 2 செ.மீ. சொச்சத்துக்கு இறங்கிவிடும். இங்கே கொடுக்கும் விலை, ஒடுங்கிய பட்டை. ஜிபிஎஸ்ஸுக்கு 2 மெகாஹெர்ட்ஸ் அளவே போதும் என்பதால் இந்தச் சமரசம் பொருந்துகிறது. மேலே தடித்த பிளாஸ்டிக்கை ஒட்டினால் அந்த ஒடுங்கிய பட்டையிலிருந்தும் விலகிவிடும். வில்லையின் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும், உலோக மூடி கூடவே கூடாது.

இந்தப் பேரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 1940-களின் கடைசியில் வீலர், சூ என்ற ஆய்வாளர்கள் அதைக் கணக்காகவே காட்டினார்கள். ஆன்டெனாவை அடக்கும் கோளம் அலைநீளத்தோடு ஒப்பிடச் சிறுக்கச் சிறுக்க, பட்டையின் அகலம் ஏறக்குறைய மும்மடி விகிதத்தில் சுருங்கும். அளவு, பட்டை, திறன் மூன்றையும் ஒன்றாகப் பெற முடியாது. "எல்லா அலைவரிசைக்கும் ஒரே குட்டி ஆன்டெனா" என்று யாராவது விற்றால், திறனை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். கைபேசியின் பின்னால் ஒட்டும் சிக்னல் ஸ்டிக்கர் எதனோடும் இணைக்கப்படாத ஒரு படலம். அதை வாங்கவே வேண்டாம்.

13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் தட்டிப் பணம் செலுத்தும் அட்டை தனி வகை. அலைநீளம் 22 மீட்டர், அட்டைக்குள் இருப்பதோ சில சுற்றுச் சுருள். அது அலையை வீசுவதே இல்லை. டிரான்ஸ்ஃபார்மரின் இரு சுருள்களைப் போல, காந்தப்புலத்தால் சில சென்டிமீட்டருக்குள் மட்டும் பேசுகிறது. இந்தக் குறைந்த தூரமே அதற்குப் பாதுகாப்பு.

செய்முறை: 433.92 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு கால் அலை ஆன்டெனா

தேவையானவை: நான்கு மூலைத் துளைகளுள்ள எஸ்எம்ஏ (ஆன்டெனா கேபிளுக்கான சிறு மரை இணைப்பி) பேனல் சாக்கெட் ஒன்று, 1 மி.மீ. தடிமனுள்ள வெற்றுச் செம்புக் கம்பி 1.2 மீட்டர், சால்டரிங் அயர்ன் (40 வாட்டோ கூடுதலோ), ஈயம், மில்லிமீட்டர் அளவுகோல், கட்டர். அளக்க நானோவிஎன்ஏ (ஆன்டெனா எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது என்று காட்டும் சிறு கருவி) இருந்தால் நல்லது.

1. கம்பியை ஒரு முனையில் இறுக்கிக் கட்டி இழுத்து நிமிர்த்துங்கள். வளைந்த கம்பியில் அளவு பிழைக்கும்.
2. நடுக்கம்பிக்கு 18 செ.மீ. வெட்டி, 5 மி.மீ. நுனியை ஈயம் பூசி, சாக்கெட்டின் நடு முனையோடு பக்கவாட்டில் சேர்த்துப் பற்றவையுங்கள். வெள்ளைக் காப்புக்கு மேலே 17.5 செ.மீ. நிற்குமாறு மிச்சத்தை நறுக்குங்கள். அயர்னை நீண்ட நேரம் வைத்தால் காப்பு உருகி முனை சாய்ந்துவிடும், மூன்று நான்கு நொடியில் முடியுங்கள்.
3. கால்களுக்கு நான்கு துண்டுகள், ஒவ்வொன்றும் 19.5 செ.மீ. ஒரு முனையில் 1 செ.மீ. கொக்கியாக வளைத்து மூலைத் துளையில் மாட்டிப் பற்றவையுங்கள். சாக்கெட்டின் உடல் சூட்டை உறிஞ்சும். சிறிய அயர்னில் ஈயம் ஒட்டியதுபோல் தெரிந்தாலும் பிடித்திருக்காது, ஆட்டிப் பாருங்கள்.
4. நான்கு கால்களையும் 45 பாகை கீழ்நோக்கி வளையுங்கள். தட்டையாக விட்டால் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு ஆன்டெனா காட்டும் தடை) 36 ஓமை ஒட்டி இருக்கும். கீழே சாய்த்தால் அது கேபிளின் 50 ஓமை நெருங்கும்.
5. நானோவிஎன்ஏவை 380 முதல் 480 மெகாஹெர்ட்ஸுக்கு வைத்து, கேபிளின் கடைசி முனையில் திறப்பு (ஓபன்), குறுக்கு (ஷார்ட்), 50 ஓம் சுமை (லோட்) ஆகிய மூன்று சரிபார்ப்பு மூடிகளையும் மாட்டிச் சரிப்படுத்துங்கள். கருவியின் வாயிலேயே சரிப்படுத்திவிட்டுக் கேபிளைப் பிறகு சேர்த்தால் அளவு தவறும்.
6. ஆன்டெனாவை உலோகத்திலிருந்தும் உங்கள் உடலிலிருந்தும் ஒரு அலைநீளமாவது, அதாவது 70 செ.மீ., தள்ளி வைத்து எஸ்டபிள்யூஆர் (எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) பள்ளம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 17.5 செ.மீ. கம்பியில் அது 410 அருகே இருக்கும்.
7. முதலில் 3 மி.மீ., அடுத்து 2 மி.மீ., கடைசியில் ஒவ்வொரு மில்லிமீட்டராக நறுக்குங்கள். ஒரு மில்லிமீட்டருக்குப் பள்ளம் சுமார் 2.5 மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும். 16.5 செ.மீ.யை ஒட்டி 433.92-இல் வந்து நிற்கும்.

எஸ்டபிள்யூஆர் 1.5 என்றால் 4 சதவீத ஆற்றல் திரும்புகிறது, 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம். 1.5-க்குக் கீழே வந்துவிட்டால் மேலும் நறுக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கருவி இல்லாதவர்கள், ரிசீவர் காட்டும் சிக்னல் அளவைத் தூரத்தில் நிலையாக வைத்துக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் விலகி நின்று ஒப்பிடலாம். மெதுவான வழிதான், ஆனால் பலன் தரும்.

சாக்கெட் இல்லாமல் மலிவான மாட்யூலின் துளையில் நேரடியாக வயர் சேர்ப்பதானால், ஒற்றை இழை வயர் 16.5 செ.மீ. எடுத்து நேராக நிறுத்துங்கள். பெட்டியில் இடமில்லையென்று சுருட்டி மடித்து வைத்தால் ஒத்ததிர்வு எங்கோ போய்விடும். மடித்தே தீரவேண்டுமென்றால், மாட்யூலிலிருந்து முதல் பாதியாவது நேராக நிற்கட்டும். மின்னோட்டம் அதிகம் ஓடும் பகுதி அதுதான்.

எஃப்எம்முக்கு இன்னும் எளிது. கால் அலைக்கு 71.5 என்றால் அரை அலைக்கு 143. அதை 98-ஆல் வகுத்தால் 1.46 மீட்டர். தலா 73 செ.மீ. கொண்ட இரு கம்பிகளை எதிரெதிராக நீட்டி, நடுவில் டிவி கேபிளின் உள்கம்பியை ஒன்றிலும் பின்னலை மற்றதிலும் சேருங்கள். அரை அலை இருமுனை ஆன்டெனாவின் மின்மறுப்பு 73 ஓம், கேபிளோ 75 ஓம். இரண்டும் தாமாகவே பொருந்துகின்றன.

மில்லிமீட்டர் எங்கே முக்கியமாகிறது

எஃப்எம் கம்பியில் 1 மி.மீ. தவறினால் 0.13 மெகாஹெர்ட்ஸ்தான் நகரும், யாருக்கும் தெரியாது. 2440 மெகாஹெர்ட்ஸில் அதே 1 மி.மீ. சுமார் 80 மெகாஹெர்ட்ஸை நகர்த்தும். அந்த வைஃபை பட்டையின் மொத்த அகலமே 83.5. ஆகவே வைஃபை ஆன்டெனாவைக் கட்டரால் செய்து பழக வேண்டாம். அச்சிட்ட ஆன்டெனாவுள்ள மாட்யூலை வாங்கி, அதைக் கெடுக்காமல் பொருத்துவதே புத்திசாலித்தனம். இஎஸ்பி32 என்ற வைஃபை மாட்யூலின் ஓரத்தில் வளைந்து வளைந்து போகும் செம்புக்கோடுதான் ஆன்டெனா. அதன் அடியிலும் பக்கத்திலும் போர்டின் செம்பு இருக்கக் கூடாது. சுற்றிலும் 15 மி.மீ. வெற்றிடம் விடுங்கள். பேட்டரியை அதன் முதுகில் ஒட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு, தூரம் பாதியாகக் குறைந்தாலும் வியப்பில்லை.

உயர் அதிர்வெண் ஏன் தூரம் போகவில்லை?

காற்று அதை விழுங்கிவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். சுவர் தடுப்பது உண்மைதான், ஆனால் திறந்த வெளியிலும் வேறுபாடு தெரியும். அதற்குக் காரணம் ஆன்டெனாவின் அளவு. அரை அலை ஆன்டெனா அலையைப் பிடிக்கும் பரப்பு அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. 100 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 1.2 சதுர மீட்டர். 2440-இல் வெறும் 20 சதுர செ.மீ., சுமார் 600-இல் ஒரு பங்கு. சிறிய வலை, சிறிய மீன்பாடு.

இழந்த பரப்பைத் திரும்பப் பெறத்தான் டிஷ். 12 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.5 செ.மீ., 60 செ.மீ. டிஷ்ஷின் விட்டம் 24 அலைநீளம். மேல்விழும் ஆற்றலில் 60 சதவீதத்தைப் பிடித்தாலே 35 டெசிபல் ஆதாயம், அதாவது 3000 மடங்குக்கு மேல். நிஜ ஆன்டெனாவோ தட்டின் முன்னால் நிற்கும் எல்என்பி என்ற ரிசீவர் பெட்டிக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் முள். தட்டு வெறும் கண்ணாடி.

கோளாறும் காரணமும்

ரூட்டரில் புது ஆன்டெனா மாட்டியும் சிக்னல் ஏறவில்லையா? நடுமுனையைப் பாருங்கள். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ இரண்டின் மரையும் ஒன்றோடொன்று இறுகும். ஆனால் ஒன்றில் முள் இருக்கும் இடத்தில் மற்றதில் துளை. தவறாக மாட்டினால் துளையும் துளையும் எதிரெதிராக நிற்கும், தொடர்பே இருக்காது. முள்ளும் முள்ளும் மோதினால் உடையும். ரூட்டர்களில் பெரும்பாலும் ஆர்பி-எஸ்எம்ஏ.

லோரா போர்டோடு வரும் கறுப்புக் குச்சியைத் தோற்றத்தை வைத்து நம்பாதீர்கள். 433-க்கும் 868-க்கும் உறை ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே நீளம் இரு மடங்கு வேறு. மாற்றி மாட்டினால் பக்கத்து அறையில் வேலை செய்யும், தெருமுனையில் விட்டுப்போகும். ஆன்டெனா மாட்டாமல் டிரான்ஸ்மிட் செய்வது அதைவிட மோசம். ஆற்றல் முழுவதும் திரும்பி வந்து கடைசிப் பெருக்கியைச் சுட்டுவிடக்கூடும். முதலில் ஆன்டெனா, பிறகு மின்சாரம்.

ஆன்டெனாவை உயரத்துக்குக் கொண்டுபோக மெல்லிய கேபிளை நீட்டுவதும் ஒரு பொறி. ஆர்ஜி-58 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 1 டெசிபல் தின்னும். பத்து மீட்டர் இழுத்தால் பத்தில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேரும். அதே கேபிள் எஃப்எம்மில் பத்து மீட்டருக்கு 2 டெசிபல்கூட இழக்காது. வைஃபை என்றால் ரூட்டரையே மேலே கொண்டுபோய் வைத்து, நெட்வொர்க் வயரைக் கீழே இழுங்கள்.

ஒரு முனையில் ஆன்டெனா நிற்க, மறுமுனையில் படுத்திருந்தால் சிக்னல் பெருமளவு வீணாகும். இரண்டையும் ஒரே திசையில் நிறுத்துங்கள். செங்குத்துக் குச்சியின் நுனிக்கு நேர் மேலே சிக்னல் மிகக் குறைவு. மாடிக்கு எடுக்கவில்லையென்றால் ரூட்டரின் ஒரு குச்சியை மட்டும் படுக்க வையுங்கள்.

வெளியில் வைத்த ஆன்டெனா சில மாதங்கள் நன்றாக இருந்து, மழைக்குப் பின் மெல்ல மங்கினால் கேபிளின் மூட்டைக் கழற்றிப் பாருங்கள். பின்னல் கறுத்திருந்தால் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது. கறுத்த பகுதி முடியும்வரை வெட்டி எறிந்து, புது மூட்டு போட்டு, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு சுற்றும் கீழ்ச்சுற்றின் மேல் படிந்து, ஓடு வேய்ந்ததுபோல் நீரை வெளியே வடித்துவிடும். மூட்டுக்குச் சற்று முன்பாகக் கேபிளில் கீழ்நோக்கி ஒரு வளைவும் விடுங்கள், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.